குன்னூரா, துடியலூரா?

கணக்கு எழுதுவது என் தொழில். குன்னூரைச் சுற்றியுள்ள மூன்று சிறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை வரவு, கூலி, மின்கட்டணம், ஏலத் தொகை என்று பதினெட்டு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அதனால்தான், கோவைக்குக் குடிபோகலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் குன்னூர், வலப்பக்கம் துடியலூர். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறோம். மனைவியும் மகளும் போகலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை.

நோட்டின் முதல் வரியில் எழுதியது படிகள்.

சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 83 படிகள் இறங்க வேண்டும். சாலையோரத்தில் மனை வாங்க அப்பாவிடம் பணம் இல்லை, சரிவில் கிடைத்ததை வாங்கினார். காஸ் சிலிண்டர் ஓர் ஆளின் தோளில்தான் வீடு வந்து சேரும், அதற்குத் தனிக் கூலி. பீரோ வாங்கினால் கடைக்குக் கொடுத்த பணம் போக, சுமப்பவர்களுக்கும் ஒரு தொகை எடுத்துவைக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அம்மாவின் முழங்கால். அவருக்கு 71 வயது. மேலே ஏறும்போது முப்பதாவது படியில் சுவரைப் பிடித்து நிற்பார். ஐம்பத்தாறாவது படியில் பக்கத்து வீட்டுத் திண்டில் உட்கார்ந்துவிடுவார். வலியால் உட்கார்ந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த வீட்டு டேலியாச் செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பார். அந்தச் செடியில் இப்போது கிள்ளுவதற்கு இலையே இல்லை. கடந்த ஓராண்டில் மருத்துவரைப் பார்க்க மட்டுமே சாலைக்கு ஏறியிருக்கிறார்.

ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மருந்து வாங்கிக்கொண்டு இறங்கியபோது, படியின் குறுக்கே காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோன்ற அதன் கால்கள்தான். அதை விரட்டக் கூடாது என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் மேலேயே நின்றேன். கீழே அம்மா வாசலில் நின்றிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே அது நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

துடியலூர் பக்கத்தில் வாசலில் ஒரே ஒரு படி. முதல் வரியிலேயே வலப்பக்கம் ஜெயித்துவிட்டது.

இரண்டாவது வரி தட்பவெப்பம். இதில் மலைதான் ஜெயிக்கும் என்று கீழே இருப்பவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், கோவை 410 மீட்டரை ஒட்டி. ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அங்கே மின்விசிறிக்கடியில் புழுங்கும்போது இங்கே இரவில் போர்வை தேடுகிறோம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் மே மாத வெயில். ஐப்பசி, கார்த்திகையில் வந்து எங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். துவைத்த பள்ளிச் சீருடை மூன்று நாளாகியும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினால் மகள் தாளித்த வாசனையோடு பள்ளிக்குப் போவாள். அலமாரியில் தொங்கும் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை படரும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அம்மாவின் இருமல் மழையோடு வந்து பனியோடுதான் போகிறது. கோவையிலும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெயில் பாதியாகத் தணிந்துவிடும் என்பதை மலைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். இந்த வரியை நேர்மையாக எழுதினால் சரிபாதி.

வேலை, படிப்பு என்ற வரியில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் இருக்கிறது. வேறு எதைப் படிப்பதாக இருந்தாலும் கீழே பத்துக் கதவு திறந்திருந்தால் இங்கே இரண்டு திறந்திருக்கும். “இந்த ஊரில் பார்ப்பதற்கு இருக்கிறது அப்பா, செய்வதற்கு இல்லை” என்கிறாள். மறுக்க முடியவில்லை. உதகையில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு படச்சுருளுக்கு வேலை இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பச்சைத் தேயிலை விலையை நம்பிப் பிள்ளைகளை இங்கேயே இருக்கச் சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் அவர்கள் கணக்கை எழுதுபவனே நான்தான். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் ஆள் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். நாங்கள் புதிதாக எதையும் யோசிக்கவில்லை, வரிசையில் கடைசியாக நிற்கிறோம், அவ்வளவே.

மருத்துவ வரியில் சில ஆண்டுகளுக்கு முன்பு இடப்பக்கம் வெறுமையாகவே இருந்திருக்கும். 2025இல் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் நடு இரவில் “கோவைக்குக் கொண்டுபோங்கள்” என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. அப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் ஆம்புலன்ஸ் வேகம் குறைந்து திரும்பும். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். கல்லாறுக்கு வந்து பாதை நேரானபோது எண்ணுவதற்குத் தேவை இருக்கவில்லை.

அடுத்த வரிக்குப் போகாமல் நோட்டை இரண்டு வாரம் மூடி வைத்திருந்தேன்.

பிறகு எழுதியது பாதை. 2009 நவம்பரில் பெய்த மழையில் மலை பெயர்ந்து மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் வடகிழக்குப் பருவமழை வந்தால் மண் சரிந்து மலை ரயில் நிற்பது வாடிக்கை. அந்த ரயில் 1899இல் குன்னூருக்கு வந்தது, 1908இல் உதகை வரை போனது, 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சின்னமான பிறகு எங்களுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. உதகைக்கு ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிற வண்டியில் அவசரக்காரன் யாரும் போக மாட்டான்.

பாதை வரியில் என்னை உண்மையாகவே உறுத்தியது வேறொன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அடுத்த ஆண்டு கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000. நான் அதை மனதார வரவேற்றவன். மே மாதத்தில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே வரிசையாக நிற்கும் கார்களால் மகளின் பஸ் ஒரு மணி நேரம் தாமதமான நாள்கள் உண்டு. நீலகிரிப் பதிவான டிஎன் 43 எண் வண்டிகளுக்கு அந்தப் பாஸ் தேவையில்லை. துடியலூருக்குப் போய், இந்தப் பழைய வண்டியை விற்றுக் கோவை எண்ணில் ஒன்று வாங்கினால், என் வீட்டைப் பார்க்க நானும் பாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. வரவும் இல்லை, செலவும் இல்லை.

நடுவழியாக மேட்டுப்பாளையம் போகலாமே என்றார் மைத்துனர். வாடகை குறைவு, மலையும் கண்ணெதிரே. மனைவி ஒரே சொல்லில் முடித்தார்: இரண்டுங்கெட்டான். கோவையின் வெயில் இருக்கும், கோவையின் கல்லூரி இருக்காது.

வீட்டை என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. மலையில் பூட்டிக் கிடக்கும் வீடு இரண்டு மழைக்காலத்தைத் தாங்காது. தினமும் யாராவது அடுப்பெரிக்க வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும். ஒரு தரகர் வந்து பார்த்தார். ஹோம்ஸ்டே விடலாம் என்றார். படிகளைச் சொல்லித் தயங்கினேன். “அதைத்தான் முதலில் போட வேண்டும். 83 படிக்குக் கீழே, சத்தமே இல்லாத இடம் என்று போட்டால் கூடுதலாகவே கேட்கலாம்.” அம்மாவின் முழங்காலைத் தின்ற படிகளுக்கு வாடகை வரும் என்று எனக்கு இதுவரை தோன்றாமல் போனது கணக்கருக்கு அழகல்ல. ஆனாலும் மறுத்துவிட்டேன். தெரிந்த ஆசிரியை ஒருவர் குறைந்த வாடகைக்குக் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது இருபத்தாறு, நல்ல முழங்கால்.

நோட்டை ஒருநாள் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். அம்மா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த எண்ணுக்குள் எங்கோ ஒரு புள்ளியாக அம்மாவும் இருந்தார். 1971இல், பதினேழு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. யார் கேட்டாலும் இன்றுவரை சொந்த ஊர் பதுளை என்றுதான் சொல்வார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குன்னூரில் இருப்பவரிடம் அதை அப்பா கேலி செய்வார், நானும் செய்திருக்கிறேன்.

“அப்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கோடு போட்டும் காட்டவில்லை” என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார். “நீ உன் வேலையை என்ன செய்வாய் என்று இதில் எழுதவே இல்லையே.”

உண்மைதான். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் ஏறி வந்து கணக்குப் பார்க்க வேண்டும், போக இரண்டு, வர இரண்டு என்று நாளுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல் போகும். அதையும் எழுதினேன். அப்போதும் வலப்பக்கம்தான் கனத்தது. ஜூனில் போவது என்று முடிவு செய்தோம். வண்டியை இப்போதைக்கு விற்பதாக இல்லை.

சென்ற ஞாயிறு முன்பணம் கொடுக்கத் துடியலூர் போனோம். அம்மாவும் வந்தார். அந்த ஒற்றைப் படியில் கைப்பிடி இல்லாமலே ஏறிவிட்டு, அடுத்த படிக்காகக் காலைத் தூக்கி, அது இல்லை என்று கண்டு இறக்கினார். வீட்டுக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, “அம்மாவுக்குச் சொந்த ஊர் எது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

“குன்னூர்.”