மின் பிரஷர் குக்கரில் பார்பெக்யூ ரிப்ஸ்: பதம் தரும், நிறம் தராது

ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள மின் பிரஷர் குக்கர் ஒன்றை வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அன்றாடச் சமையலுக்கு அடுப்பில் வைக்கும் குக்கரே எனக்குப் போதுமானதாக இருந்தது. இதை வாங்கியதற்கு ஒரே காரணம், கறியை மரப்புகையில் வேக வைக்கும் புகைக்கூண்டும் தோட்டமும் இல்லாத வீட்டில் பார்பெக்யூ ரிப்ஸ் செய்துவிட வேண்டும் என்ற ஆசைதான். இதுவரை இருபது முறைக்கு மேல் பன்றியின் விலா எலும்புக் கறியை இதில் வேக வைத்திருக்கிறேன் என்பதால், இந்த மதிப்புரையை அந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே சாதனத்தில் சோறு எப்படி வேகிறது, தயிர் எப்படி உறைகிறது என்பதைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள்.

முதல் முயற்சி தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். குக்கரின் முகப்பில் இறைச்சிக்கென்று தனிப் பொத்தான் இருந்தது. கூடவே வந்த கையேடும் அதையே அழுத்தச் சொன்னது. அது தானாகவே 35 நிமிடத்தை எடுத்துக்கொண்டது. ஆவி அடங்கிய பிறகு மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். எலும்புகள் மட்டும், சோப்புப் போட்டுக் கழுவியதைப் போல வெள்ளை வெளேரென்று மேலே வந்தன. கறி முழுவதும் பாத்திரத்தின் அடியிலேயே கிடந்தது. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் எடுத்துக் கடித்துத் தின்ன வேண்டிய பண்டத்தைக் கரண்டியால் அள்ளித் தின்ன வேண்டியிருந்தது.

அந்தத் தவற்றின் காரணம் விளங்கினால் இந்தக் குக்கரின் பலமும் பலவீனமும் சேர்ந்தே விளங்கிவிடும். மூச்சு விடும்போதெல்லாம் அசைகிற தசைகள் விலா எலும்புகளின் இடையில் இருக்கின்றன. ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் அதில் இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜன் மிகுதி. அந்தக் கொலாஜன் வெப்பத்தில் நெகிழ்ந்து ஜெலட்டினாக மாறும்போதுதான் கறி மெத்தென்று ஆகிறது. புகைக்கூண்டில் 107 முதல் 121 பாகை செல்சியஸ் வரையிலான காற்றில் கறியை வைத்தாலும், மேற்பரப்பிலுள்ள ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், உள்வெப்பம் 70 பாகையை ஒட்டி நெடுநேரம் நகராமல் நிற்கும். ஐந்தாறு மணி நேரம் ஆவது அதனால்தான். குக்கருக்குள் அந்த இழப்புக்கு இடமே இல்லை. மின் குக்கர்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 115 பாகையில் இயங்குகின்றன. அதே சூட்டிலுள்ள வறண்ட காற்றைவிட, நீராவி கறிக்குள் வெப்பத்தைப் பல மடங்கு விரைவாகச் செலுத்துகிறது. ஆகவே அங்கே அரை மணி நேரம் கூடினாலும் பெரிதாகத் தெரியாத பதம், இங்கே ஐந்து நிமிடம் கூடினாலே கை நழுவிவிடுகிறது. இந்தப் பாத்திரத்தின் பிறப்பே எலும்போடு தொடர்புடையது என்பது ஒரு வேடிக்கை: 1679-இல் டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் இதன் முன்னோடியை உருவாக்கியபோது, கடினமான எலும்பையே மென்மையாக்கிக் காட்டுவதுதான் அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. எலும்பை நெகிழ வைக்கப் பிறந்த கருவியிடம் கறியைக் கொடுத்தால், நிறுத்த வேண்டிய இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

பல முறை கூட்டியும் குறைத்தும் பார்த்து நான் வந்து நின்ற கணக்கு இது. பேபி பேக் என்று விற்கப்படும் துண்டுக்கு உயர் அழுத்தத்தில் 22 நிமிடம் வைத்து, பிறகு ஆவி தானாக அடங்க 15 நிமிடம் விட வேண்டும். ஸ்பேர் ரிப்ஸ் என்னும் பெரிய துண்டுக்கு 30 நிமிடமும் அதே 15 நிமிடமும் தேவை. பேபி பேக் என்றவுடன் குட்டியின் கறி என்று நினைப்பவர்கள் உண்டு. அது முதுகெலும்பை ஒட்டிய மேல்பகுதி, எலும்பு குட்டையாக இருப்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். வயிற்றுப் பக்கமிருந்து வருவது ஸ்பேர் ரிப்ஸ். அதில் கொழுப்பும் கூடுதல், சவ்வும் கூடுதல், என் கணக்கில் சுவையும் கூடுதல்.

இந்த நிமிடக் கணக்கில் விற்பனையாளர்கள் ஒரு சிறு தந்திரம் செய்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மீது ரிப்ஸ் படத்தைப் போட்டு 25 நிமிடம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அழுத்தம் ஏறிய பிறகுதான் அந்த நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. அழுத்தம் ஏற 12 முதல் 15 நிமிடம், அடங்க 15 நிமிடம், ஓவனில் வாட்டக் கால் மணி நேரம் என்று எல்லாவற்றையும் கூட்டினால், மசாலா தடவிய கறி தட்டுக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஆறு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய ஆதாயம்; உள்ளதை உள்ளபடி அச்சிட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஆவியை உடனே திறந்து விடுவதா, தானாக அடங்க விடுவதா என்பதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். வால்வைத் திருப்பி ஒரே மூச்சில் ஆவியை வெளியேற்றினால், உள்ளே 115 பாகையில் இருந்த நீர் அழுத்தம் குறைந்த கணமே கொதித்தெழுகிறது. கறிக்குள் இருக்கும் நீரும் அப்படியே. அதனால் நார்கள் இறுகி, வெந்த கறியே சக்கையைப் போல் ஆகிவிடுகிறது. பசி பொறுக்காமல் ஒரு முறை அப்படித் திறந்தேன், நிமிடக் கணக்கு சரியாக இருந்தும் மெல்லும்போதெல்லாம் வாயில் தும்பு தட்டியது. பொறுமையாகக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரமும் சமையலின் பகுதிதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. குக்கர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதை நமக்காகச் செய்யாது. எலும்புப் பக்கம் மெல்லிய வெள்ளிநிறச் சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் உப்பும் மசாலாவும் அந்தப் பக்கம் இறங்காது. வெந்த பிறகும் ரப்பர் தாள் போலப் பல்லில் சிக்கும். ஓரத்திலிருந்து இரண்டாவது எலும்பின் மேல், கூர் இல்லாத கத்தி முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்பி, விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு, வழுக்காமலிருக்கக் காகிதத் துணியால் பிடித்து நிதானமாக இழுத்தால், பெரும்பாலும் முழு நீளமும் ஒரே உரியாக வந்துவிடும். நடுவில் அறுந்தால் அடுத்த எலும்பிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். பிறகு உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்ப் பொடி, பூண்டுப் பொடி, கடுகுப் பொடி கலந்த உலர் மசாலாவை இரு பக்கமும் அழுத்தித் தடவி, முடிந்தால் ஒரு இரவு குளிர்பெட்டியில் வைக்கலாம். ஒரு கிலோ கறிக்கு 12 முதல் 15 கிராம் உப்பு சரியாக இருக்கிறது.

குக்கருக்குள் ஊற்றுவது ஒரு கோப்பை நீரும் கால் கோப்பை ஆப்பிள் காடியும் மட்டுமே. பார்பெக்யூ சாஸையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் கையேட்டை நம்பி நான் ஏமாந்தது இரண்டாவது முறை. சர்க்கரையும் தக்காளி விழுதும் கலந்த கெட்டியான சாஸ் அடியில் படிந்து, அழுத்தம் ஏறுவதற்குள் பிடித்துக்கொண்டது. திரையில் கருகல் எச்சரிக்கை ஒளிர்ந்து குக்கர் தானாக நின்றுவிட்டது. சாஸுக்கு இந்தப் பாத்திரத்தில் வேலையே இல்லை. கறியைப் படுக்க வைக்காமல், எலும்புப் பக்கம் உட்புறமாக இருக்கும்படி வளைத்து, பாத்திரத்தின் சுவரை ஒட்டி நிற்க வைத்தால், 10 முதல் 13 எலும்பு கொண்ட ஒரு முழுத் துண்டு ஆறு லிட்டர் குக்கரில் தாராளமாக அடங்கும். இரண்டு துண்டென்றால் பாதியாக வெட்டி அடுக்க வேண்டும். வேகும் நேரம் அதேதான், அழுத்தம் ஏறத்தான் நேரம் பிடிக்கும். கூடவே வந்த கம்பித்தட்டின் கால்கள் மிகவும் குட்டை. கறியின் கீழ் ஓரம் தண்ணீரில் நனைந்து மசாலா கரைந்து போகிறது. சற்று உயரமான வேறு தட்டு ஒன்றை வாங்கி வைத்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. இவ்வளவு செலவழித்து வாங்கிய சாதனத்துக்குத் தட்டையும் தனியாக வாங்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி நிறம். மூடியைத் திறந்ததும் தெரிவது சாம்பல் பூத்த, வெளிறிய, ஈரம் சொட்டும் கறி. முதன்முறை பார்ப்பவருக்குப் பசியே போய்விடும். இது குக்கரின் பழுது அன்று, அதன் இயல்பு. கறி பொன்னிறமாகி மணம் கூடுவதற்குக் காரணமான மைலார்டு வினை மேற்பரப்பு உலர்ந்து, 140 பாகையை ஒட்டிய சூட்டை எட்டினால்தான் வேகம் பிடிக்கும். ஆவி நிறைந்த பாத்திரத்தில் உலர்வது எங்கே? எனவே வெந்த துண்டை இரண்டு அகலமான கரண்டிகளால் தாங்கி எடுத்துத் தட்டில் பத்து நிமிடம் ஆற விட்டு, மேலே இருக்கும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சாஸைத் தூரிகையால் மெல்லிதாகப் பூசி, ஓவனின் மேல் சூட்டுக் கம்பிக்கு ஒரு சாண் கீழே வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சாஸ் குமிழியிட்டு ஓரங்களில் கருமை தட்டும். எடுத்து இன்னொரு பூச்சுப் பூசி மீண்டும் மூன்று நான்கு நிமிடம் வைத்தால், சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் விரலில் இழையும். அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது; சாஸில் இருக்கும் சர்க்கரை பொன்னிறத்திலிருந்து கரிக்குத் தாவ ஒரு நிமிடம் போதும்.

புகையின் மணத்தை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். மரப்புகையில் கிடந்த கறியை வெட்டினால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம், புகையிலுள்ள வாயுக்கள் தசை நிறமியோடு சேர்வதால் உண்டாவது. குக்கரில் அதற்கு வழியில்லை. புகையூட்டிய பாப்ரிகாவும் புகை மணத்துக்காகச் சேர்க்கும் திரவப் புகை அரைத் தேக்கரண்டியும் ஓரளவு கைகொடுக்கும், அளவு மீறினால் மருந்து நெடி அடிக்கும். ஓவனுக்குப் பதில் கரியடுப்பின் மேல் வாட்டினால் அசல் சுவைக்கு இன்னும் நெருங்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் புகைக்கூண்டுக்குத்தான் போக வேண்டும்.

பதம் சரியா என்பதை இடுக்கியே சொல்லிவிடும். துண்டின் நடுவில் பிடித்துத் தூக்கினால் இரு முனைகளும் வளைந்து தொங்க வேண்டும், முறிந்து விழக் கூடாது. எலும்பின் நுனியில் கறி சிறிது பின்வாங்கியிருக்க வேண்டும். கடித்தால் கடித்த இடம் மட்டும் சுத்தமாக வந்து, பல் பட்ட தடம் மிச்சக் கறியில் தெரிய வேண்டும். எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும் கறியைப் பல உணவகங்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன; அமெரிக்க பார்பெக்யூ போட்டிகளிலோ அதை அளவுக்கு மீறி வெந்தது என்று கணக்கிடுகிறார்கள். நான் போட்டிக்காரர்களின் பக்கம். பல் இல்லாத முதியவர்களும் குழந்தைகளும் உண்ணும் வீட்டில் ஐந்து நிமிடம் கூட்டி வைப்பதில் தவறில்லை.

பராமரிப்பில் ஒரு தொல்லை. மூடியின் உட்புறம் இருக்கும் சிலிகான் காஸ்கட் மசாலா வாடையை உறிஞ்சிக்கொண்டு விடுவதே இல்லை. காடி கலந்த நீரை ஊற்றி ஆவி பிடித்தால் குறைகிறதே தவிர, போவதில்லை. இனிப்புப் பண்டங்களுக்கென்று இன்னொரு காஸ்கட் வைத்துக்கொள்வதே தீர்வு. இன்னொன்று, அழுத்தம் ஏறும்போது மேலே எழும்பி ஆவியை அடைக்கும் மிதவை வால்வு. கொழுப்பு மிகுந்த கறியை அடிக்கடி வேக வைத்ததில் அந்தச் சிறு ஊசியின் கழுத்தில் நெய் போல் உறைந்து, ஒரு நாள் அது மேலே எழும்பவே இல்லை. ஆவி கசிந்துகொண்டே இருந்து தண்ணீர் வற்றிய பிறகுதான் கவனித்தேன். அன்று முதல் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி வெந்நீரில் கழுவுகிறேன். ஒரு நிமிட வேலை.

அடுப்பில் வைக்கும் குக்கர் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பண்டத்துக்காக மின் குக்கர் வாங்கத் தேவையில்லை. முழு அழுத்தத்தில் அது 121 பாகை வரை போவதால் நேரத்தை மூன்று நான்கு நிமிடம் குறைத்துக்கொண்டு, தீயைத் தணித்து வைத்தால் அதே பதம் வரும். காடி சேர்ப்பதால் அலுமினியத்தைத் தவிர்த்து எஃகுக் குக்கரைப் பயன்படுத்துவது நல்லது. மின் குக்கரின் உண்மையான வசதி, விசிலை எண்ணிக்கொண்டு அருகில் நிற்க வேண்டியதில்லை என்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே சூட்டில் நிற்பதால் ஒரு முறை பிடித்த பதத்தை மறுமுறையும் பிடிக்க முடிவதும்தான்.

விருந்து வைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறையும் இதையொட்டியே அமைகிறது. முதல் நாளே வேக வைத்து, ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அடியில் மிஞ்சிய நீரைத் தனியே வைத்தால், மறுநாள் கொழுப்பு மேலே தட்டாக உறைந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் கீழே இருப்பது ஜெலட்டின் நிறைந்த கூழ். அதில் நான்கைந்து கரண்டியைச் சாஸோடு சேர்த்துக் காய்ச்சினால் சாஸுக்கு ஒரு கனம் வரும். மசாலாவின் உப்பு அதில் இறங்கியிருக்கும் என்பதால் சுவைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த கறி இறுகி நிற்பதால் சாஸ் பூசும்போது உடையாது. ஓவனின் நடு அடுக்கில் 150 பாகையில் உள்வரை சூடாக்கி, பிறகு மேல் சூட்டில் வாட்டி எடுத்தால், விருந்தினர் வந்த பிறகு நமக்கு மிஞ்சுவது அரை மணி நேர வேலையும் கழுவ வேண்டிய ஒரே ஒரு தட்டும்.