சூப்பர் வருது, வெலை ஏறுது: நாகர்கோவிலில் 5060 டிஐ வாங்கியவரின் ரிவ்யூ

என்விடியாவின் 5060 டிஐ 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டை இப்போதே வாங்கலாமா, இல்லை அதே 50 வரிசையில் கூடுதல் மெமரியோடு வரப்போவதாகப் பேசப்படும் 'சூப்பர்' கார்டுகள் வரும் வரை பொறுக்கலாமா என்று மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் கார்டு, கடை, வதந்தி மூன்றையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கையில் வேலை இருந்தால் வாங்கிவிடுங்கள். வதந்தியில் வருகிற பெயரையும் விலையையும் நம்பி ஒரு கல்யாண சீசனை விடாதீர்கள். என் கட்சி இவ்வளவுதான், காரணங்கள் கீழே.

முதலில் கார்டு. கேம் ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ரிவ்யூ ஆயிரம் கிடைக்கும், நான் எடிட்டிங் மட்டும் பேசுகிறேன். இப்போது நம்ம பக்கத்து ஸ்டுடியோக்களில் பாதிப்பேர் சோனி கேமராவில் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் பதிவு முறை) வைத்துத்தான் எடுக்கிறார்கள். கலர் திருத்த நல்ல வசதி, ஆனால் அந்த ஃபைலை டைம்லைனில் போட்டால் பழைய என்விடியா கார்டுகள் கைவிரித்துவிடும், ஏனென்றால் 40 வரிசை வரைக்கும் இந்த 4:2:2-ஐப் பிரித்துப் படிக்கும் வசதி கார்டுக்குள் கிடையாது. எல்லாச் சுமையும் பிராசசர் தலையில். 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. சர்ச்சில் மந்திரகோடிப் புடவை கொடுக்கிற காட்சி, மூன்று கேமரா, மூன்றும் 4கே, எடிட்டிங் மென்பொருள் ரிசால்வ், அதுவும் காசு கொடுத்து வாங்கிய ஸ்டுடியோ பதிப்பு: முன்பு பிராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல் ஃபைல்) போடாமல் நகராது, இப்போது இழுத்த இடத்தில் நிற்கிறது. எனக்கு இந்த ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையே உள்ள பாதை) 128 பிட் மட்டும்தான், மதர்போர்டு ஸ்லாட்டிலும் எட்டு லேன்தான் பயன்படுத்தும், அதனால் பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 180 வாட் கார்டு, என்விடியா கேட்பது 600 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). அப்புறம், முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக்காற்றில் கார்டின் பின்தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், வாரண்டிக்குக் கொண்டுபோனால் அந்தத் துருவையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

பெயர் விவகாரம் இந்த கார்டிலேயே இருக்கிறது. 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 2025 ஏப்ரலில் வந்தபோது அமெரிக்க விலை 379 டாலர், 429 டாலர். ஐம்பது டாலர் வித்தியாசம்தான், ஆனால் 4கே எடிட்டுக்கு 8 ஜிபி போதவே போதாது. இதில் கூத்து என்னவென்றால், விமர்சகர்களுக்கு 8 ஜிபி கார்டை முன்கூட்டி அனுப்பவே இல்லை, முதல் வாரம் வந்த ரிவ்யூ பெரும்பாலும் 16 ஜிபிக்கு. அதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் விலை குறைவாகக் கிடக்கிற 5060 டிஐயை அமுக்கினால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கு வருகிறேன். செட்டிக்குளம் ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம், மாடியில் சின்னக் கடை. பெயர் எழுதினால் விளம்பரம் என்பீர்கள், எழுதவில்லை. கடைக்காரர் பெட்டியைக் கையில் கொடுத்து சீலைப் பார்க்கச் சொன்னார், பிரித்ததும் கடை மெஷினிலேயே மாட்டி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி அளவையும் பஸ் அகலத்தையும் காட்டினார், பில்லில் 16 ஜிபி என்றும் சீரியல் நம்பரையும் தன் கையாலேயே எழுதினார். விலை ஆன்லைனைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கார்டு மக்கர் செய்தால் பெட்டி கட்டி அனுப்பி, திரும்ப வாங்கி வைப்பது வரை அவர் பாடு. சூப்பர் பற்றி நானே கேட்டேன். "அண்ணே, வரும்னுதான் சொல்லுதாவ. என்ன வெலைக்கு வரும்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு சொல்லுதவனும் பொய் சொல்லுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே வாங்கினேன்.

இதற்கு முன்னால் ஏறிய வேறொரு கடையில் கதை வேறு. '5070 சூப்பர்' இறங்கப்போகிறது, விலை இவ்வளவு, இப்போதே அட்வான்ஸ் கட்டினால் முதல் பீஸ் உங்களுக்கு என்றார்கள். 2026 ஜனவரி சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி மேடையில்கூட என்விடியா சூப்பர் என்று ஒரு கார்டை அறிவிக்கவில்லை. குளச்சலில் வள்ளம் கரையேறும் முன்பே மீனுக்கு ஏலம் கூறுகிற மாதிரி இருந்தது. அட்வான்ஸுக்கு ரசீது தருவீர்களா என்றேன், "அதெல்லாம் வேண்டாம் அண்ணே, நம்பிக்கைதானே" என்று பதில் வந்தது. சரி, வணக்கம்.

வதந்தி எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிப்பும் மெமரியும் மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள், அவற்றைப் பற்றிய கசிவுகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். 5070 சூப்பருக்கு 18 ஜிபி என்று சொல்கிறார்களே, அது கணக்குக்கு ஒத்துவருகிறது: 5070-இன் பஸ் 192 பிட், ஒரு மெமரி சிப்புக்கு 32 பிட், ஆக ஆறு சிப். இப்போது 2 ஜிபி சிப் போட்டு 12 ஜிபி, 3 ஜிபி சிப் போட்டால் 18 ஜிபி. அந்த 3 ஜிபி சிப் ஏற்கெனவே லேப்டாப் 5090-இல் வந்துவிட்டது. ஆகவே செய்ய முடிகிற கார்டுதான். இதே பஸ்ஸில் 20 ஜிபி என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெயரும் விலையும் அப்படி இல்லை, கடைசி நிமிடம் வரை மாறும். 2022 செப்டம்பரில் 4080 என்ற பெயரில் என்விடியா இரண்டு கார்டு அறிவித்தது, 16 ஜிபி 1,199 டாலர், 12 ஜிபி 899 டாலர். மெமரி மட்டும் குறைவு என்று நினைத்தால் உள்ளே இருந்த சிப்பே வேறு, கோர் 9,728-க்குப் பதில் 7,680. ஊரே திட்டியதும் அக்டோபரில் 12 ஜிபியை வாபஸ் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. கசிவு அல்ல, கம்பெனி மேடையில் ஏறி அறிவித்த பெயரும் விலையுமே இப்படி மாறியிருக்கிறது, அப்புறம் யூடியூப் தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்தில் போட்ட விலைக்கு என்ன மதிப்பு?

என்விடியாவின் போட்டிக் கம்பெனி ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். 2019-இல் 5700 எக்ஸ்டியை 449 டாலர் என்று அறிவித்துவிட்டு, விற்பனைக்கு வரும் முன்பே 399-க்கு இறக்கினார்கள். 7000 வரிசைக்கு அடுத்தது 8000 என்று எல்லோரும் 8800 எக்ஸ்டிக்குக் காத்திருந்தார்கள், 2025 ஜனவரியில் வந்த பெயர் 9070 எக்ஸ்டி, என்விடியாவின் எண்ணோடு ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று. அதன் விலை 899 டாலர் என்று ஒரு வதந்தி பரவியது, அப்படி ஒரு திட்டமே இருந்ததில்லை என்று ஏஎம்டி அதிகாரி ஃபிராங்க் ஏஸோர் மறுத்தார், கடைசியில் 599 டாலருக்கு மார்ச் 6 அன்று விற்பனைக்கு வந்தது. அந்த 899-ஐ நம்பி வேறு கார்டை அவசரமாக வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

டாலர் விலையை ரூபாயாக மாற்றுகிற இடத்தில்தான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது, நமக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 5070-ஐ 549 டாலர் என்று அறிவித்த 2025 ஜனவரியில் ஒரு டாலர் 86 ரூபாய் வாக்கில். பெருக்கினால் 47,000 சொச்சம், வரியோடு 55,700. என்விடியா இந்தியாவுக்குச் சொன்ன தொடக்க விலை 59,000. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது, ஆகவே அதே 549 டாலருக்கு ஒரு கார்டு வந்தால்கூட நம் கடையில் பழைய விலை இருக்காது.

இதற்கு மேல் மெமரிப் பஞ்சம். ஏஐ டேட்டா சென்டர்கள் கிடைக்கிற சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கே போகிறது என்று பார்த்திருப்பீர்கள். மெமரி தயாரிக்கும் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் குரூசியல் பிராண்டையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. கூடுதல் மெமரிதான் சூப்பரின் ஒரே கவர்ச்சி, அந்த மெமரியே தங்க விலைக்கு விற்கிற நேரத்தில் அது பழைய விலைக்கே வரும் என்று சொல்கிறவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கேம் மட்டும் ஆடுகிறவர், இப்போது இருப்பதே ஓடுகிறது, அவசரம் இல்லை என்றால் தாராளமாகக் காத்திருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்டெல் பிராசசருக்குள்ளேயே ஐஜிபியு (உள்ளமைந்த கிராபிக்ஸ்) இருக்கிற எடிட்டர்களும் அவசரப்பட வேண்டாம், 11ஆம் தலைமுறையிலிருந்து அதுவே எச்.265 (HEVC) முறையில் பதிவான 4:2:2-ஐப் பிரிக்கும், முதலில் அதை ஆன் செய்து பாருங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால் கேபினட்டின் உள்ளளவையும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு அந்த மாடிக் கடைக்குப் போங்கள், கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். ஞாயிறு கடை கிடையாது, மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.