காலையில் கொஞ்சம் புகை, பில்லில் முழு இன்ஜின் வேலை

ஸ்பிளெண்டர், பேஷன், பிளாட்டினா என்று நூறு சிசி வண்டி வைத்திருக்கும் பெருந்துறை, சென்னிமலை, ஊத்துக்குளி பக்கத்து ஆட்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள். வண்டி புகைகிறது என்று போய் நின்றால் "போர் போயிடுச்சுங்க, இன்ஜின் இறக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். போர் என்பது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள் துளை, அது தேய்ந்துவிட்டதாம். என்னிடம் அப்படிச் சொல்லி 7,800 ரூபாய் வாங்கினார்கள். வாங்கிய காசுக்குச் சொன்ன வேலையையாவது செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, இப்போது பெயரைப் போட்டு வேறு வம்பு வேண்டாம்.

வண்டி 2010 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கிறது. அந்த வருடக் கடைசியில்தான் இரண்டு கம்பெனியும் பிரிவதாக அறிவித்தார்கள். கார்புரேட்டர் வண்டி, 97.2 சிசி. பதினைந்து வருடம் முடிந்து, ஆர்டிஓ ஆபீஸில் காட்டி, ஆர்சியை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. அதனால் விற்கிற எண்ணமே கிடையாது. தினமும் சிப்காட் போய்வர இதைவிடச் சிக்கனமான வண்டி எனக்குத் தெரியாது. புது வண்டி எடுக்கச் சொல்பவர்கள் மாதத் தவணையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

புகை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. காலையில் முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகும்போது சைலன்சரில் நீலமாக ஒரு புகை வரும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் இருக்காது. இன்னொரு சமயமும் வரும்: சென்னிமலை கோவில் மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்து முறுக்கினால் பின்னால் வருகிறவர் முகத்தில் ஒரு வீச்சு அடிக்கும். இழுவையில் குறை இல்லை, மைலேஜும் விழவில்லை. ஆயில் மட்டும் மாதத்துக்குக் கொஞ்சம் இறங்கும்.

பட்டறைக்காரர் இதில் எதையும் கேட்கவில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அலறுகிற அளவுக்கு ரேஸ் பண்ணி, சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்து என்னிடம் காட்டினார். "பாருங்கண்ணா, ஆயில் அப்படியே வெளிய வருது. இன்னும் ஒரு மாசம் ஓட்டுனா இன்ஜின் ஜாம் ஆயிரும். நாளைக்கு நடு ரோட்டுல நின்னா யாருங்க பொறுப்பு?" கார்புரேட்டர் வண்டி எதுவாக இருந்தாலும் சைலன்சருக்குள் விரலை விட்டால் கறுப்பாகத்தான் வரும். ஆனால் மறுநாள் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவனிடம் 'நடு ரோட்டுல நின்னா' என்று சொன்னால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எஸ்டிமேட் சீட்டில் எழுதித் தந்தார்: போரிங், பிஸ்டன் கிட், டைமிங் செயின், வால்வு சீல், கேஸ்கெட் செட், ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர். ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை மட்டும். கடைசியில் பில்லாகவும் அதே சீட்டுதான். அதைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் உதவியது.

வண்டி திரும்பி வந்தபோது புகை இல்லை, சத்தமும் அமுங்கியிருந்தது. ரன்னிங்-இன், அதாவது புது பிஸ்டன் படிகிற வரைக்கும் மெதுவாக ஓட்டுவது, எப்படி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, எப்பவும் போல ஓட்டுங்க" என்றார். இந்த ஒரு பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே போர் போட்டு புது பிஸ்டன் ஏற்றியவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டாதே, பில்லியன் ஏற்றாதே, அப்புறம் வந்து ஆயிலை மாற்று என்று நம்மைப் படுத்தி எடுத்துவிடுவார்.

சில வாரத்தில் புகை திரும்பியது. முன்பு காலையில் மட்டும் வந்தது, இப்போது எப்போது முறுக்கினாலும் வந்தது. கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தம். அந்தப் பட்டறையில், "புது ரிங் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்குமுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்.

காங்கேயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஹீரோ ஹோண்டா வந்த காலத்திலிருந்து அந்த வண்டிகளையே பார்ப்பவர். சீட்டைக் கையில் வாங்கிப் படித்தார். வண்டியைத் தொடக்கூட இல்லை, சிரித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, இந்த வண்டிக்கு ஆயில் ஃபில்டர்னு தனியா ஒண்ணு கெடையாதே? எதை மாத்துனானாம்?"

உண்மைதான். இந்த இன்ஜினில் மாற்றிப் போடுகிற காகித ஆயில் ஃபில்டர் இல்லை. அடியில் ஒரு சல்லடை, கிளட்ச் பக்கம் சுற்றுகிற வேகத்தில் கசடை ஒதுக்கும் ஒரு கிண்ணம், இரண்டையும் கழுவிப் போடுவதோடு சரி. இல்லாத சாமானுக்கு 120 ரூபாய் போட்டிருந்தார்கள். பல்சர் மாதிரி வண்டிகளில் ஃபில்டர் உண்டு. எல்லா வண்டிக்கும் ஒரே சீட்டை எழுதிப் பழகிய கை போலிருக்கிறது.

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல் மூடியிருக்கும் பாகத்தை, கழற்றினார். பிஸ்டன் தலையைச் சுரண்டித் துடைத்துக் காட்டினார். போர் போட்டால், அதாவது லேத்தில் உள்ளே குடைந்தால், சிலிண்டர் பெரிதாகும், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாக வேண்டும். அதன் தலையில் 0.25, 0.50, 0.75, 1.00 என்று அளவு அடித்திருக்கும். என் பிஸ்டனில் எந்த எண்ணும் இல்லை. கம்பெனியில் போட்ட அதே 50 மில்லிமீட்டர் பிஸ்டன்தான். சிலிண்டர் மேல் விளிம்பில் பல வருடம் ஓடித் தேய்ந்த வரம்பு நகத்தில் தட்டியது, லேத்தில் ஏறியிருந்தால் அது இருக்காது. குடைந்த பிறகு உள்ளே தேய்த்துவிடும் ஹோனிங்கின் குறுக்குக் கோடுகளும் இல்லை. டைமிங் செயின் பழையது. வால்வு சீல் இரண்டும் கல் மாதிரி இறுகிப் போன பழசு.

ரிங் மட்டும் புதிது, கம்பெனி பெயர் இல்லாதது. கேஸ்கெட்டுக்கு மேல் அனபாண்ட் பசையை அள்ளிப் பூசியதில் பிதுங்கிய துணுக்கு ஒன்று சல்லடையில் வந்து கிடந்தது. ஊற்றியிருந்தது கெட்டி ஆயில். இந்த வண்டிக்கு 10டபிள்யூ-30 போட வேண்டும், ஆயில் மாற்றும்போது 900 மில்லி பிடிக்கும். கெட்டியான ஆயிலை ஊற்றினால் சில நாளைக்குப் புகையும் சத்தமும் அடங்கும். பழைய வண்டி விற்கிற கன்சல்டிங்குகளிலும் இந்தத் தந்திரம் உண்டு என்றார் பெரியவர்.

ஆரம்பத்தில் என் வண்டிக்கு இருந்த நோய் வால்வு சீல்தான். வால்வுத் தண்டைச் சுற்றி இருக்கும் சின்ன ரப்பர் அது. வருடக்கணக்கில் சூடு பட்டு இறுகிவிடும். ராத்திரி வண்டி நிற்கும்போது ஹெட்டில் இருக்கும் ஆயில் அந்த வழியாகக் கசிந்து உள்ளே இறங்கும், காலையில் முதல் கிக்கில் எரிந்து நீலப் புகையாக வரும், அதோடு தீர்ந்துவிடும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடினால் இன்ஜின் உள்ளே உறிஞ்சும் வேகம் கூடுகிறது, அப்போதும் அதே வழியில் ஆயில் போகும். ரிங்கோ போரோ போயிருந்தால் கதை வேறு. வண்டி சூடான பிறகும், லோடு ஏற்றி முறுக்கும்போதெல்லாம் புகை வரும். இழுவை குறையும். வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று புஸ் புஸ் என்று தள்ளும்.

இன்னும் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி மீட்டரை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக் கிக் அடித்து அளவு பார்ப்பார்கள். பிறகு பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகாது. மீட்டர் இல்லாமல், எப்போது புகைகிறது என்றுகூடக் கேட்காமல் இன்ஜினை இறக்கச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இன்ஜின் வேலைக்கு விட்டே ஆக வேண்டிய நிலை என்றால், வேலை தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் எனக்கு வேண்டும், பிஸ்டன், ரிங், செயின், சீல் எல்லாம். அடுத்தது, ஹெட்டை மூடும் முன் கூப்பிடுங்கள், பிஸ்டன் நம்பரைப் பார்க்க வேண்டும். வர முடியாவிட்டால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். புது சாமானின் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள், அதில் பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் அச்சாகி இருக்கும். "பழசை எல்லாம் இரும்புக்குப் போட்டுட்டோமுங்க" என்று பதில் வந்தால், அந்தப் பழசு உங்கள் இன்ஜினுக்குள்ளேயேதான் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

பிஸ்டனையும் சீலையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில், "வேற எடத்துல பிரிச்சுட்டு வந்தா நாங்க எப்படிங்க பொறுப்பு?" என்றார். ஹெட்டைத் திறந்ததிலிருந்து எடுத்த படங்களைக் காட்டியதும், "பையன் மாத்தி வச்சுட்டானுங்க, வண்டிய கொண்டாங்க, திருப்பிப் போட்டுத் தர்றேன்" என்று இறங்கினார். அந்தப் பையன் பாவம், அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். லேத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன் எடுக்கிற முடிவா? வண்டி வராது, காசு வேண்டும் என்றேன். 2,000 தருவதாகச் சொன்னார், ஆனால் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். சீட்டின் மதிப்பு அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கொடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்தேன், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முத்திரை போட்ட சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, படங்கள், பெரியவர் எழுதித் தந்த ஒரு பக்கம், இவ்வளவுதான் என் கையில் இருப்பது. ஏழாயிரத்துக்கு எதற்கு இத்தனை அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். பனியன் கம்பெனிக்கும் சிப்காட்டுக்கும் போகிறவர்களுக்கு ஏழாயிரம் சின்னப் பணம் இல்லை, இதை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இல்லை.

வண்டி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். தேய்ந்த போருக்குள் அந்த மட்டமான ரிங் ஓடி, சிலிண்டரில் நெடுகக் கீறல் விழுந்துவிட்டது. சீல் மட்டும் மாற்றினால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது நிஜமாகவே போர் போட வேண்டியதாயிற்று. பெரியவர் முதலில் 0.25 பிஸ்டன் கிட்டை வாங்கி வரச் சொல்லி, பெட்டியோடு என் கையிலேயே கொடுத்து, கோவையில் கணபதி பக்கம் அவருக்குப் பழக்கமான லேத்துக்கு அனுப்பினார். அங்கே பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் குடைந்தார்கள். பிஸ்டனைக் கொண்டு போகாமல் சிலிண்டரை மட்டும் கொடுத்து 'போர் போடுங்க' என்று சொல்வது அரைகுறை வேலை என்றார் லேத்காரர். போட்டு முடித்ததும் குறுக்குக் கோடுகளை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பிஸ்டன் தலையில் இருக்கும் 'ஐஎன்' என்ற எழுத்து கார்புரேட்டர் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் ஏற்றும்போது பெரியவர் காட்டினார்.

இப்போது ரன்னிங்-இன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருந்துறை ரோட்டில் மொபெட்டெல்லாம் என்னைத் தாண்டிப் போகின்றன. ஐந்நூறு முடிந்ததும் ஆயில் மாற்றி டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கக் காங்கேயம் போக வேண்டும். மனு விஷயத்தில் ஏதாவது நகர்ந்தால் இதே இடத்தில் எழுதுகிறேன். அதற்குள் யாருடைய சீட்டிலாவது ஸ்பிளெண்டருக்கு ஆயில் ஃபில்டர் போட்டிருந்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.