அழற்சித் திசுவில் ஈ-செலக்டின்: பிசிஆரா, இன்-சிட்டுவா?

டர்பனில் நான் வேலை செய்யும் திசு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் கேட்டான்: "அக்கா, அழற்சி வந்த குடல்வாலில் ஈ-செலக்டின் ஜீன் வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்க்கலாம்?" ஈ-செலக்டின் என்பது அழற்சியில் ரத்தக் குழாய்ச் சுவரில் தோன்றி வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதம். இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன் என்றேன்: ஜீன் வேலை செய்யும்போது உண்டாகும் செய்தி நகலான எம்ஆர்என்ஏவோடு ஒட்டும் துண்டை (புரோப்) வைத்து, அது இருக்கும் இடத்தைத் திசு வெட்டிலேயே நிறமாகக் காட்டும் முறை. எம்ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கி அளக்கும் ஆர்டி-பிசிஆர் மட்டமில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அது பாதி விடைதான் தரும்.

பிசிஆருக்குத் திசுவை அரைத்தாக வேண்டும். ஈ-செலக்டினை உண்டாக்குவது ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்கள். அரைத்த கூழில் அவை சிறு பங்குதான். கோயில் உண்டியலைக் கொட்டி எண்ணினால் தொகை தெரியும், யார் போட்டது என்று தெரியுமா? வெள்ளணு ஒட்ட உதவும் இன்னொரு புரதமான ஐகாம்-1 என்றால் இன்னும் சிக்கல். குழாய்ச் செல்லும் அதைச் செய்யும், வெள்ளணுவும் செய்யும்.

இன்-சிட்டுவில் திசு குலையாது. நல்ல ஸ்லைடில் சிறு சிரையின் ஓரம் மட்டும் மெல்லிய வளையமாக நிறம் பிடித்திருக்கும். உள்ளே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சுவரோடு ஒட்டி நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. பக்கத்தில் சென்ஸ் புரோப் போட்ட துண்டு கட்டாயம் வேண்டும்; எம்ஆர்என்ஏவின் அதே வரிசை கொண்ட அது எம்ஆர்என்ஏவோடு ஒட்டக்கூடாது. அதுவும் நிறம் பிடித்தால் முதல் ஸ்லைடை நம்பாதே.

சரி, நேரம்? வளர்ப்புக் குழாய்ச் செல்களை அழற்சிச் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-1 கொண்டு தூண்டினால் ஈ-செலக்டின் எம்ஆர்என்ஏ 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடும். வலி வந்து இரண்டு நாள் கழித்து வரும் நோயாளியின் திசுவில் அது தெரியவில்லை என்பதால் எப்போதுமே இல்லை என்று சொல்லக்கூடாது. அதே குடும்பத்துப் பி-செலக்டினுக்கு இரண்டு முறையும் உதவாது. அந்தப் புரதம் செல்லுக்குள் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது, நிமிடங்களில் மேலே வந்துவிடும். அதற்குப் புரதத்தையே காட்டும் ஆன்டிபாடி சாயம்தான்.

அப்புறம் மின்வெட்டு. 2023-இல் ஓர் இரவு ஜெனரேட்டர் கைகொடுக்காமல் எங்கள் மைனஸ் 80 ஃப்ரீசர் இளகியது. பிசிஆருக்கென்று வைத்திருந்த துண்டுகள் போயின. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்து அலமாரியில் வைத்திருந்த திசுக் கட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; இன்-சிட்டுவுக்கு அவை போதும். ஃபார்மலின் ஆர்என்ஏவைத் துண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் 2012-இல் வந்த ஆர்என்ஏஸ்கோப் வகைக் குட்டை ஜோடிப் புரோப்கள் அதையும் சமாளிக்கும், விலைதான் கடிக்கும்.

எண் கட்டாயம் வேண்டுமென்றால் பிசிஆர் செய், தம்பி. ஆனால் எல்லாச் செல்லிலும் இருக்கும் ஒப்பீட்டு ஜீனான ஜிஏபிடிஎச்சின் அளவால் மட்டும் வகுக்காதே, குழாய்ச் செல்லுக்கே உரிய விஇ-கேடெரின் ஜீனின் அளவாலும் வகுத்துப் பார். வீக்கத்தில் குழாய்கள் பெருகியதால் கூடிய அளவு அங்கே கழிந்துவிடும்.