பழைய கேம் போய்: இப்பவும் வாங்கலாமா?

கேம் போய் என்பது கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவி. 1989இல் வந்த முதல் கேம் போயில் பின்னொளி இல்லை. வன்னி வெயிலில் அதன் திரை நன்றாகத் தெரியும். கரண்ட் போன இரவில் ரோச் வேண்டும். நான்கு ஏஏ பற்றரி போடவேண்டும், சார்ஜ் ஏற்றுபவையும் சரிவரும்.

வாங்குமுன் பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். தகட்டில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. வினாகிரி தோய்த்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். திரையில் நெடுக்குக் கோடுகள் விடுபட்டால் நாடாக் கேபிளின் ஒட்டு விட்டிருக்கும். மெதுவாகச் சூடாக்கி ஒட்டலாம், சூடு கூடினால் கேபிளே கருகும். அப்படியானதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கார்ட்ரிஜை, அதாவது ஆட்டம் உள்ள செருகுபெட்டியை, வாயால் ஊதாதீர்கள், ஈரம் தகட்டை அரிக்கும். போக்கிமொன் கோல்ட் போன்ற ஆட்டங்களின் கார்ட்ரிஜ் உள்ளே சிஆர்2025 பற்றரி ஒட்டப்பட்டிருக்கும். அது செத்தால் சேமித்த ஆட்டமும் போய்விடும். டெட்ரிஸ் ஆட்டத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. அந்த ஓர் ஆட்டத்துக்காகவே கேம் போயைத் தாராளமாக வாங்கலாம்.