போர் விளையாட்டுக்குத் தோதான காலம் எது?

ஓய்வு நேரத்தில் சின்னதாக ஒரு கணினிப் போர் விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர். ஒன்றரை வருடம் மல்லாடிய பிறகு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு நெப்போலியன் காலத்துக்கு மாறினேன். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. டாங்கி, விமானம், பனிக்காடு, பாலைவனம் எல்லாம் ஒரே போரில். தரவுக்கும் பஞ்சமில்லை: ஜெர்மனியின் டைகர் டாங்கியின் முன்கவசம் 100 மில்லிமீட்டர், சோவியத்தின் டி-34 டாங்கியின் உடற்பகுதிக் கவசம் 45 மில்லிமீட்டர், அதன் சாய்வு எத்தனை டிகிரி என்பதுவரை கிடைக்கும். கணக்குப் பிள்ளை வேலைக்குக் கணினிதான் லாயக்கு என்பதும் இங்கேதான் நன்றாகத் தெரியும். 1979-இல் வந்த ஒரு வட ஆப்பிரிக்கப் போர் பலகை விளையாட்டில், இத்தாலியப் படையினருக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி உண்டு. காகிதத்தில் எழுதி மாளாத அந்தக் கணக்கைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும்.

ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியும் சோவியத்தும் டாங்கிகளோடு மோதிய கூர்ஸ்க் போர்முனையை ஓரளவுக்கு நியாயமாகக் காட்டப் போனால் வரைபடத்தில் முந்நூறு காய்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு டர்னை, அதாவது என் முறைக்கான நகர்த்தல்களை, முடிப்பதற்குள் சாயங்காலம் போய்விடும். எதிரே ஆடும் கணினியின் பாடு அதைவிட மோசம். அதன் படையைச் சுற்றி வளைக்கப் போனால், தப்பிக்க வழி திறந்திருக்கும்போதே நகராமல் நின்று மாட்டிக்கொள்ளும். நான் எழுதிய கணினி எதிராளி ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தில் விழுந்தது.

பண்டைக் காலம்? யானை, ஈட்டி வியூகம் எல்லாம் திரையில் பார்க்க அழகுதான். கி.மு. 216-இல் கன்னாயில் ரோமானியரை வென்றபோது கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் செய்ததன் பெரும்பகுதி, படையை எப்படி நிறுத்தினார் என்பதிலேயே அடங்கிவிட்டது. மோதல் தொடங்கிய பின் தளபதியால் மாற்ற முடிந்தது கொஞ்சம்தான். விளையாட்டிலும் அதேதான்: அணிவகுப்பு முடிந்ததும் பாதி ஆட்டம் முடிந்துவிடும். அரை மணி நேர ஆட்டத்துக்குச் சரி.

நெப்போலியன் காலத்துப் போர் பெரும்பாலும் ஒரு நாளில், கண்ணுக்கு எட்டும் ஒரு நிலப்பரப்பில் முடிந்துவிடும். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மூன்றும் ஒன்றையொன்று மடக்கும். குதிரைப்படை வந்தால் காலாட்படை சதுரமாக நிற்க வேண்டும். சதுரமாக நின்றாலோ பீரங்கிக்குக் கொண்டாட்டம். இது எல்லோரும் சொல்வதுதான். நான் மாறியதற்கு உண்மையான காரணம் வேறு: கட்டளை போய்ச் சேர ஆகும் நேரம்.

அந்தக் காலத்தில் உத்தரவு குதிரையில்தான் போனது. 1815 ஜூன் 16 அன்று நெப்போலியனின் தளபதி டெர்லானின் படையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20,000 பேர். லீன்யியில் நடந்த சண்டைக்கு வரச் சொல்லி ஓர் உத்தரவு. அதே நாள் இன்னொரு சண்டை நடந்த காத்ர ப்ராவுக்குத் திரும்பி வரச் சொல்லி, அங்கே நெப்போலியனின் படையை நடத்திய மார்ஷல் நே விடுத்த இன்னோர் உத்தரவு. நாள் முழுக்க இரண்டு போர்க்களங்களுக்கும் நடுவே நடந்து, எதிலும் உருப்படியாகச் சண்டை போடாமலே அந்தப் படை பொழுதைக் கழித்தது. பலகை விளையாட்டில் இதைக் கொண்டுவருவது கஷ்டம், ஏனென்றால் காய்கள் இருவர் கண்ணெதிரிலும் இருக்கும். 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் போர்ப் பயிற்சி விளையாட்டுக்கு இதற்காகவே ஒரு நடுவரை வைத்தார். யாருக்கு எது தெரியும், உத்தரவு எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கணினி பிறவியிலேயே அப்படியொரு நடுவர். அலுத்துக்கொள்ளாது, கண்ஜாடையில் எதையும் காட்டிக் கொடுக்காது.

சோதனை ஆட்டம் ஒன்றில் இடப்பக்கத்து டிவிஷனுக்கு, எதிரேயிருந்த ஊரைப் பிடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். திரையில் அந்தக் குதிரைக்காரன் ஒரு புள்ளி. ஓடையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் எதிரியின் குதிரைப்படை ஊருக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. நிறுத்தச் சொல்லி அனுப்பிய இரண்டாவது ஆள் பாதி வழியில் இருக்கும்போதே, என் ஆட்கள் சமர்த்தாக நெடுவரிசையில் நடந்து போய் மாட்டிக்கொண்டார்கள். திரையைப் பார்த்துக் கத்தினேன். அன்றைக்குத்தான் பழைய கோப்புகளை மூட்டை கட்டினேன்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. என் கை கட்டப்பட்டிருப்பதால் கணினி எதிராளியின் அசட்டுத்தனம் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. அதுவும் அரை மணிக்கு ஒரு முடிவு எடுத்தால் போதும். அது தப்பாகப் போனால், உத்தரவு தாமதமாகப் போயிருக்கும் என்று நானே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்!

இதற்கு மிக நெருங்கிய போட்டி அமெரிக்க உள்நாட்டுப் போர். அங்கேயும் குதிரைதான் தபால்காரன். ஆனால் களத்தில் எதிரி வரிசையை உடைக்கும் வேலையைக் குதிரைப்படை பெரும்பாலும் இழந்துவிட்டிருந்தது, அதனால் மூன்றின் மடக்கு ஆட்டம் இரண்டாகக் குறைகிறது. ஏவுகணைக் கால விளையாட்டுகளை இரண்டு வாரத்துக்கு மேல் ஆடியதில்லை, ஆகவே இதை ஒரு புதுமுகத்தின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்: எதிரியைக் கண்டுபிடிக்க ரேடாரைப் போடுவதா, நம் இருப்பிடம் தெரியாமலிருக்க அதை அணைத்து ஒளிவதா என்ற கேள்வி அருமையானது, மற்ற நேரமெல்லாம் அட்டவணை வாசிப்பது போலவே இருந்தது.

கட்டளைத் தாமதம் எல்லோருக்கும் பிடிக்காது என்பதால், அதை அணைத்துவிட அமைப்புகளில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். ஒருமுறை வாட்டர்லூவில் அதை அணைத்து ஆடிப் பார்த்தேன். பிரஷ்யரைத் துரத்தப் போயிருந்த நெப்போலியனின் தளபதி க்ரூஷியைக் காலையிலேயே ஒரு கிளிக்கில் திருப்பி அழைத்தேன். மதியம் மூன்று மணிக்கெல்லாம் ஜெயித்துவிட்டேன். மறுபடி ஆடத் தோன்றவில்லை.