வீட்டு லாக்கர் திறக்கவில்லையா? எமர்ஜென்சி சாவி, கம்பெனி ஆள், பூட்டுக்காரர், கட்டிங் மெஷின்: எது எப்போது?

வீட்டு லாக்கர் திறக்க மறுத்தால் குமரி மாவட்டத்தில் கைக்கெட்டும் வழிகள் நான்கு: பெட்டியோடு வந்த எமர்ஜென்சி சாவி, கம்பெனி சர்வீஸ் ஆள், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைத்தெருவில் பூட்டு-சாவி பார்ப்பவர், வெல்டிங் பட்டறையின் கட்டிங் மெஷின். பதற்றத்தில் நாலாவதிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. அவசரப்படாமல் முதலில் பத்து நிமிடம் பெட்டியைக் கவனியுங்கள். எந்த வழி நல்லது என்பதை அங்கே கெட்டுப்போன பாகம்தான் தீர்மானிக்கும்.

நம்பர் பட்டனை அழுத்தினால் வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பேட்டரி முனை அரித்திருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இரண்டாவதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு. ஈர உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடும். விளக்கு எரிகிறது, சரியான எண்ணுக்குப் பச்சையும் வருகிறது, ஆனாலும் கைப்பிடி திரும்பவில்லை என்றாலும் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விளக்குக்குத் துளி மின்சாரம் போதும். தாழை விடுவிக்கும் சோலனாய்டுக்கு (மின்சாரத்தில் ஊசியை இழுக்கும் காந்தச் சுருள்) அதைப்போல் பல மடங்கு வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் நான்கு ஏஏ பேட்டரி, மொத்தம் 6 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். நான்கும் சேர்ந்தாலும் 4.8 என்பதால் புதிதாகச் சார்ஜ் போட்டிருந்தாலும் சில பெட்டிகள் திறக்காது. ரீசார்ஜ் வகை அல்லாத அல்கலைன் பேட்டரி போடுங்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. கைப்பிடியை முறுக்கிப் பிடித்தபடியே எண்ணை அடிப்பார்கள். அப்போது தாழின் எடை முழுவதும் சோலனாய்டு ஊசியின் பக்கவாட்டில் விழுவதால் ஊசி நகராது. கைப்பிடியைப் பூட்டிய நிலைக்கே திருப்பிவிட்டு, கதவை உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்தி, எண்ணை அடித்து, பச்சை வந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். உள்ளே நகைப்பெட்டியோ ஃபைலோ கதவை முட்டிக்கொண்டிருந்தால் இந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும். எண் தவறிவிட்டது என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். மூன்று நான்கு தடவை தப்பினால் பெட்டி சில நிமிடங்களுக்குத் தானே முடங்கும். அந்நேரத்தில் சரியான எண்ணும் எடுபடாது.

இதற்கும் மசியாவிட்டால் எமர்ஜென்சி சாவி. செலவில்லாத வழி, பெட்டிக்கும் சேதமில்லை. சாவித்துளை பெரும்பாலும் முன்பக்கத்துச் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள்ளோ கம்பெனிப் பெயர்த் தகட்டுக்குப் பின்னாலோ இருக்கும். எண் மறந்தவர்களுக்கும் இதுவே சிறந்தது. எண் வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவருக்கு மட்டும் தெரிந்த வீடுகளுக்கும் அப்படியே. திறந்தபின் கதவின் உட்புறத்து ரீசெட் பட்டனை அழுத்திப் புது எண் போட்டுக்கொள்ளலாம். துளை இறுகியிருந்தால் கிராஃபைட் பொடி தூவுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விட்டால் அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, அடுத்த மழைக்காலத்தில் சாவி நுழையவே நுழையாது. இந்த வழி தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், சாவியைப் பத்திரமாக லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பதுதான்.

அப்படிப் பூட்டிவிட்டவர்களுக்குக் கம்பெனியா, உள்ளூர் பூட்டுக்காரரா என்ற கேள்வி வரும். பெட்டி புதிது, நம்பர் பட்டன் வகை, பில்லும் சீரியல் எண்ணும் கையில் இருக்கிறது என்றால் கம்பெனிதான் மேல். சாவி எண்ணை வைத்து மாற்றுச் சாவி தருவார்கள், அல்லது ஓட்டை போட வேண்டிய துல்லியமான இடம் தெரிந்த ஆளை அனுப்புவார்கள். உரிமைச் சான்றும் அடையாள அட்டையும் கேட்பார்கள். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். கேட்காமல் திறந்து தருகிறவரிடம் உங்கள் பெட்டி பாதுகாப்பாக இல்லை. குறை என்னவென்றால் நாள் பிடிக்கும். குலசேகரம் பக்கத்து மலையோர வீடுகளுக்கு இன்னும் தாமதமாகலாம்.

பழைய இரும்புப் பெட்டி, ஸ்டீல் பீரோ என்றால் நிலைமை தலைகீழ். லீவர் பூட்டின் (உள்ளே உள்ள தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் வகை) சாவி தொலைந்தால் அனுபவமுள்ள உள்ளூர் பூட்டுக்காரர், வெற்றுச் சாவியை உள்ளே விட்டு, பதிந்த தடத்தைப் பார்த்து அரம் போட்டே சாவி செய்துவிடுவார். பூட்டு முழுசாகப் பிழைக்கும். நம்பர் பட்டன் பெட்டிக்கு அவரை அழைத்தால், எங்கே ஓட்டை போடுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். கீல் பக்கம் அறுப்பேன் என்றால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் கீல் பக்கமும் நிலையான கம்பி உடலுக்குள் செருகி நிற்பதால் கீலை அறுத்தாலும் கதவு வராது. திறப்பதற்கு மட்டும் எவ்வளவு, புதுச் சாவியோ பூட்டோ சேர்த்தால் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கட்டிங் மெஷின் அன்றே திறந்து கொடுக்கும், அது உண்மை. ஆனால் தகட்டை அறுக்கும்போது தீப்பொறி உள்ளேதான் கொட்டும். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், காகிதம் 230 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளும். நிலப்பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், ரூபாய்க் கட்டு இருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம். முத்தும் பவளமும் சூடு தாங்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தீ அடங்கும், பத்திரத்தின் மை கரையும். தீ தாங்கும் பெட்டியில் தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் போன்ற கலவை அடைத்திருப்பதால் மெஷினின் அறுக்கும் வட்டுகள் தேய்ந்துகொண்டே போகும். பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதும் எளிதல்ல. சுவரில் பதித்த போல்டுகளின் தலை பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே உலோகப் பொருள் மட்டுமே, மற்ற மூன்று வழியும் அடைபட்டுவிட்டன என்றால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

எந்த வழியில் திறந்தாலும் அன்றே பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், எமர்ஜென்சி சாவியை நம்பிக்கையான உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால், ஜூன் மழைக்கு முன் ஆண்டுதோறும் புது பேட்டரி போடுவது நல்லது. புது எண் வைத்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, தாழ் வெளியே நீட்டியபடி மூன்று தடவை பூட்டித் திறந்து பாருங்கள். மூன்று முறையும் தாழ் முழுதாக உள்ளே போன பிறகே கதவைச் சாத்துங்கள்.